ஊசுடு ஏரியில் எது நாட்டு மீன்?

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை. மேலே வீடூர் அணையைத் திறந்துவிட, சங்கராபரணி இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. தண்ணீர் இறங்கத் தொடங்கிய ஒரு காலையில் வில்லியனூர்ப் பக்கம் ஆற்றோரம் போய் நின்றேன். வெள்ளம் பார்க்க வந்தவர்களைவிட மீன் பிடிக்க வந்தவர்கள்தான் அதிகம். சிலரிடம் வீச்சுவலை, சிலரிடம் கொசுவலைத் துண்டு. ஒருவர் வேட்டியையே அவிழ்த்து வலையாக்கியிருந்தார்.

பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் கூடையைக் கரையில் வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்.

"என்னண்ணே கிடைச்சுது?"

"எல்லாம் நாட்டு மீனு தம்பி. ஆத்துல வந்தது. வளர்ப்பு கிடையாது."

எட்டிப் பார்த்தேன். மேலாக ஜிலேபிக்கெண்டை, பாதிக் கூடைக்கு. அதற்கிடையே இளம் கட்லா ஒன்று, ரோகு இரண்டு. ஓரத்தில் மீசையோடு கறுஞ்சாம்பல் நிறத்தில் முழ நீளத்துக்கு ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. கூடையின் அடியில் ஒரு குறவை, கைப்பிடியளவு பொடிக்கெண்டை, ஒரு ஆரல். அவர் நாட்டு மீன் என்று சொன்ன கூடையில், இந்த ஆற்றுக்குச் சொந்தக்காரர்கள் அந்த அடிக் கைப்பிடி மட்டும்தான்.

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. குளம் வெட்டித் தீவனம் போட்டு வளர்த்தால் வளர்ப்பு, ஆற்றிலோ ஏரியிலோ தானாக வளர்ந்தால் நாட்டு மீன்: சந்தையில் இதுதான் கணக்கு. இதே ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஊசுடு ஏரிக்குப் போகிறது. அங்கே போனதும் அந்தக் கணக்கு போதாமல் போகிறது, ஏனென்றால் அந்த ஏரி ஒரு பறவைகள் சரணாலயம்.

ஏரி

புதுச்சேரி நகருக்கு மேற்கே 10 கிலோமீட்டர் சுமாரில் இருக்கிறது ஊசுடு. ஏறக்குறைய 800 ஹெக்டேர். ஒரு பக்கம் புதுச்சேரி, மறுபக்கம் விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டம். தன் பக்கத்து 390 ஹெக்டேரைப் புதுச்சேரி அரசு 2008-ல் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பக்கத்தை அறிவிக்க இன்னும் சில ஆண்டுகள் ஆயின. குளிர்காலத்தில் கரையில் நின்றால் கூழைக்கடா, வண்ண நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம், மேலே வட்டமிடும் ஆலா என்று கண்ணுக்கு வேலை ஓயாது. இவற்றில் பெரும்பாலானவை மீன் தின்பவை.

இதை இயற்கை ஏரி என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லை, இது கரை கட்டி, மதகு வைத்து, வாய்க்கால் இழுத்து உண்டாக்கிய பாசன ஏரி. மனிதன் வெட்டிய ஏரியில் நாட்டு மீன் எது, அந்நிய மீன் எது என்று பிரிப்பதில் என்ன பொருள் என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். ஏரியை மனிதன் கட்டினான், ஆனால் மீனை அவன் விடவில்லை. புதுத்தண்ணீர் வந்ததும் மீன் எதிரேறும், வாய்க்காலுக்குள் புகும், வயல் வரப்பைக்கூடத் தாண்டும். பனையேறிக்கெண்டை ஈரத் தரையிலேயே நகர்ந்து போகும். விலாங்கு இன்னும் விசித்திரம். கடலில் பிறந்து, கண்ணாடிபோலக் குஞ்சாக முகத்துவாரத்தில் நுழைந்து, ஆறேறி, ஏரிக்கு வந்து வளர்ந்து, முட்டையிடத் திரும்பவும் கடலுக்கே போகிறது. இப்படிக் காலங்காலமாக இந்த ஆற்றுப்படுகையில் போய்வந்துகொண்டிருந்தவைதாம் ஊசுட்டின் நாட்டு மீன்கள்: விரால், குறவை, தேளி, கெளுத்தி, அயிரை, ஆரல், உளுவை, பலவகைப் பொடிக்கெண்டைகள், தலையில் வெள்ளிப் பொட்டோடு தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் முண்டக்கண்ணி.

ஆக, நாட்டு மீன் என்பதற்கு எல்லை இந்திய வரைபடம் அல்ல, ஆற்றுப்படுகை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதில் பாதி இதுதான்.

கட்லாவின் பாஸ்போர்ட்

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள். இருபதாம் நூற்றாண்டில் தெற்கே கொண்டுவந்து விட்டார்கள். இன்று நம் சந்தைக்கு ஏரி மீன் என்றால் இவைதான். மீன்வளத்துறை ஆண்டுதோறும் அணைகளிலும் ஏரிகளிலும் விடுவதும் பெரும்பாலும் இந்தக் குஞ்சுகளைத்தான். பிடிப்பவருக்கு வருமானம், வாங்குபவருக்கு மலிவான புரதம். அதை நான் மறுக்கவில்லை, வாரம் ஒருமுறை எங்கள் வீட்டுக் குழம்பிலும் ரோகுதான்.

ஆனால் சட்டத்தைப் பாருங்கள். காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-க்கு 2022-ல் வந்த திருத்தம், ஆக்கிரமிக்கும் அந்நிய இனம் என்பதற்கு முதன்முறையாக விளக்கம் கொடுத்தது. இந்தியாவுக்கு உரியதாக இல்லாமல், காட்டுயிருக்கோ அதன் வாழிடத்துக்கோ கேடு செய்யக்கூடிய உயிரினம் என்பது அதன் சாரம். இந்தியாவுக்கு உரியதாக இல்லாமல் என்ற இடத்தில்தான் சிக்கல். கங்கையின் கட்லா இந்த விளக்கத்துக்குள் வராது. ஊசுட்டில் ஆயிரம் கட்லாக் குஞ்சை விட்டாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது அந்நியமில்லை.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கலும் அல்ல. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதற்குரிய மீன், தாடைக்குக் கீழே சிவப்புக் கோடு ஓடும் கட்த்ரோட் டிரவுட். 1994-ல் அங்கே லேக் டிரவுட் என்ற வேறொரு மீன் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அது வெளிநாட்டு மீன் அல்ல, அதே அமெரிக்கக் கண்டத்தின் வேறு ஏரிகளுக்குச் சொந்தமானது. அந்த ஏரிக்கு மட்டும் அந்நியம். அது போதுமாயிருந்தது. கட்த்ரோட்டை அது தின்று தீர்க்க, எண்ணிக்கை சரிந்து விழுந்தது. அன்றிலிருந்து வலைபோட்டு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட லேக் டிரவுட்டை எடுத்துவிட்டார்கள். வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

அந்தக் கதையில் என்னை உறுத்தியது மீன் எண்ணிக்கை அல்ல. கட்த்ரோட் மேல்தண்ணீரில் திரியும், முட்டையிடச் சின்ன ஓடைகளுக்கு ஏறும். அங்கே கரடி பிடிக்கும், விராலடிப்பான் கழுகு பிடிக்கும், கூழைக்கடா பிடிக்கும். லேக் டிரவுட்டோ ஆழத்தில் கிடக்கும், முட்டையும் ஏரிக்குள்ளேயே இடும். ஏரியில் மீன் இருக்கிறது, ஆனால் கரடிக்கும் கழுகுக்கும் எட்டாது. ஒரு மீனை எடுத்துவிட்டு இன்னொரு மீனை வைத்தால் கணக்கு சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு அங்கேதான் அடி விழுந்தது.

அலகுக்கு எட்டுமா?

ஊசுடு மீனைப் பற்றிய ஆய்வுக்கு நான் வைக்கும் அளவுகோல் இங்கிருந்து வந்ததுதான். இது பறவைகளின் சரணாலயம். அதனால் ஒவ்வொரு மீனிடமும் பறவையின் பக்கம் நின்று கேட்க வேண்டும்: நீ அலகுக்கு எட்டும் ஆழத்தில் இருக்கிறாயா, தொண்டையில் இறங்கும் அளவில் இருக்கிறாயா?

சின்ன நீர்க்காகத்துக்கு விரல் நீள மீன் போதும். மீன்கொத்திக்கும் ஆலாவுக்கும் அதைவிடச் சின்னது வேண்டும். பாம்புத்தாரா அலகை ஈட்டிபோலக் குத்தி மீனை மேலே வீசி விழுங்கும், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. பொடிக்கெண்டையும் அயிரையும் முண்டக்கண்ணியும் பிறந்ததிலிருந்து சாகும்வரை அந்த அளவுக்குள்ளேயே இருக்கின்றன. கரையோரத் தாவரங்களுக்குள், முழங்கால் தண்ணீரில் இருக்கின்றன. பறவைக்கு ஆண்டு முழுக்கப் பந்தி.

கட்லா அப்படியில்லை. நல்ல தண்ணீரில் ஒரே ஆண்டில் ஒரு கிலோவைத் தொட்டுவிடும். சில மாதங்களுக்குத்தான் அது நீர்க்காகத்துக்குச் சாப்பாடு. அப்புறம் அது பறவைக்கு மீனே அல்ல, பறவை தின்ன வேண்டிய பொடிமீனின் தீனியில் பங்கு கேட்கும் மாடு. கூழைக்கடா கொஞ்சம் பெரிதையும் விழுங்கும் என்றாலும் ஊசுட்டுக்கு வருவதெல்லாம் கூழைக்கடா அல்ல.

ஜிலேபிக்கெண்டையிடம் இதே கேள்வியைக் கேட்டால் சங்கடமான பதில் வருகிறது. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் திலேப்பியா அது. 1952-ல் இலங்கை வழியாக இந்தியா வந்தது. பெருகும் வேகத்தைப் பார்த்து 1959-லேயே இனி பரப்பக்கூடாது என்று மீன்வள ஆய்வுக் குழு சொல்லிவிட்டது. கேட்பார் யார்? தாய் மீன் முட்டையை வாயிலேயே வைத்துக் குஞ்சு பொரிக்கிறது, குஞ்சு வெளியே வந்த பிறகும் ஆபத்தென்றால் வாய்க்குள் ஓடிவிடும். இப்படிப் பாதுகாப்பு இருந்தால் எந்த இனமும் பெருகும். உப்புத் தண்ணீர், சாக்கடைத் தண்ணீர் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. நெரிசல் அதிகமானால் உடம்பு வளர்வதை நிறுத்திக்கொண்டு, உள்ளங்கை அளவுக்கு வருமுன்பே முட்டையிடத் தொடங்கிவிடும்.

அந்தக் குள்ள ஜிலேபி பறவையின் தொண்டையில் சரியாக இறங்குகிறது! நீர்க்காகம் ஜிலேபியை விழுங்குவதை ஊசுடு கரையில் யார் நின்றாலும் பார்க்கலாம். அந்நிய மீன் என்றாலே பறவைக்குக் கேடு என்று எழுதிவிட்டுப் போவது சுலபம், ஆனால் அது உண்மை இல்லை. இதன் கேடு வேறு பக்கம் இருக்கிறது. ஆண் ஜிலேபி முட்டைக்காகக் கரையோரச் சேற்றில் தட்டுப்போலக் குழி பறித்து, அந்த இடத்தை யாரும் நெருங்கவிடாமல் காக்கும். நம்முடைய செத்தக்கெண்டை, மலையாளிகள் கரிமீன் என்று கொண்டாடுவது, இதற்குத் தூரத்துச் சொந்தம். அதுவும் கரையோரத்தில்தான் முட்டையிடும், தாயும் தந்தையும் சேர்ந்து காவல் நிற்கும். இடம் ஒன்று, கேட்பவர் இருவர். ஜிலேபி ஆண்டில் பலமுறை ஈனும், செத்தக்கெண்டைக்கு அந்த வேகம் கிடையாது. ஒற்றை வகை மீனையே நம்பியிருக்கும் ஏரி ஒரு நோயிலோ ஒரு கோடையிலோ மொத்தமாகக் காலியாகவும் கூடும்.

கூடையில் நெளிந்த மீசைக்காரன் ஆப்பிரிக்கக் கெளுத்தி. இதற்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்லலாம். ஒரு மீட்டரையும் தாண்டி வளரும். இரவில் மேயும், அடியில் கிடக்கும், கிடைத்ததையெல்லாம் தின்னும்: மீன், தவளை, நத்தை, சில சமயம் நீர்ப்பறவைக் குஞ்சு. 2000-ல் மத்திய அரசு இதன் வளர்ப்புக்குத் தடை விதித்தது. பண்ணைக் குட்டைகளில் திருட்டுத்தனமாக வளர்ப்பது நிற்கவில்லை, வெள்ளம் வந்து குட்டைக்கரையை உடைத்தால் மீன் ஆற்றுக்கு வந்துவிடும். ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா, 1985-ல் உலகப் பாரம்பரிய இடமானது, இதே மீனிடம் மாட்டியது. வாய்க்கால் வழியாக வந்து சேர்ந்த கெளுத்தியை ஆயிரக்கணக்கில் பிடித்து அகற்ற வேண்டியிருந்தது. அதுவும் வாய்க்கால் தண்ணீரை நம்பி, மனிதன் கரைபோட்டு உண்டாக்கிய பறவைகளின் இடம்தான். ஊசுட்டுக்கு அண்ணன் மாதிரி.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் மொசாம்பிக் திலேப்பியா இருக்கிறது, சாதாக்கெண்டை இருக்கிறது. கூடவே நம் ஆசியாவின் நடக்கும் கெளுத்தியும் இருக்கிறது, புளோரிடாவில் அது வில்லன். எந்த மீனும் பிறவியிலேயே கெட்டதில்லை, போய்ச் சேர்ந்த இடம்தான் வழக்கு.

டேங்க் கிளீனர் மீன் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தொட்டிக்கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் மனசு கேட்காமல் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். உடம்பு முழுக்க எலும்புக் கவசம், துடுப்பில் முள். விழுங்க முயன்ற பறவையின் தொண்டையில் அது விறைத்து நிற்கும். ஆண் மீன் முட்டைக்காகக் கரையில் வளை தோண்டும், மண்கரை ஏரிக்கு அது இன்னொரு கேடு. அலகுத் தேர்வில் இதற்குச் சுழியம்.

கொசுவுக்கு விட்ட மீன்

புதுச்சேரிக்குக் கொசுவும் யானைக்கால் நோயும் பழைய பகை. நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த ஆராயும் மத்திய நிறுவனம் 1975-ல் இங்கே தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். கொசுப்புழு தின்ன கம்பூசியா மீனைக் கிணற்றிலும் குட்டையிலும் விடும் வழக்கம் நாடு முழுக்க இருக்கிறது. 1928-ல் இத்தாலியிலிருந்து வந்த மீன் அது, அதற்கும் முன் அமெரிக்காவிலிருந்து இத்தாலிக்குப் போனது. மூடிய கிணற்றிலும் சிமென்ட் தொட்டியிலும் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஏரிக்குப் போனால் கொசுப்புழுவோடு நிற்காது. மற்ற மீனின் முட்டையைத் தின்னும், குஞ்சைத் தின்னும், பெரிய மீனின் துடுப்பைக் கடித்துக் கிழிக்கும்.

இத்தனைக்கும் நம்மிடம் முண்டக்கண்ணி இருக்கிறது. மேல்நோக்கிய வாய், தண்ணீர்ப்பரப்பை ஒட்டியே வாழ்க்கை, கொசுப்புழு அதன் அன்றாடச் சாப்பாடு. ஊர்ப் பையன்கள் பாட்டிலில் பிடித்து விளையாடும் மீன். அதை யாரும் மீன் என்று மதிப்பதில்லை, விலையும் கிடையாது. விலையில்லாததால் கணக்கெடுப்பிலும் விட்டுப்போகிறது.

வற்றுதல்

இந்த ஆய்வில் நான் எதிர்பார்க்காத திருப்பம் கோடைதான்.

பழைய பாசன ஏரி கோடையில் வற்றும். சித்திரை, வைகாசியில் தரை தெரியும். மதுரை, சிவகங்கைப் பக்கம் அப்போதுதான் மீன்பிடித் திருவிழா வைத்து, ஊரே இறங்கி, கிடைத்ததையெல்லாம் அள்ளிவிடும். பார்ப்பதற்கு மீன்வளத்துக்கு விரோதமாகத் தெரியும். ஆனால் விராலும் குறவையும் சேற்றுக்குள் புதைந்து, காற்றை மூச்சாக எடுத்து, மழைவரை தாக்குப்பிடிக்கும். தேளிக்கும் காற்றில் மூச்சுவிட உறுப்பு இருக்கிறது. பொடிமீன்கள் ஆற்று மடுவிலிருந்து புதுத்தண்ணீரோடு திரும்ப ஏறிவரும். ஜிலேபிக்கும் கட்லாவுக்கும் அந்த வித்தை தெரியாது. தண்ணீர் போனால் செத்துப்போகும். வற்றுவது ஏரிக்கு ஒரு களையெடுப்பு மாதிரி வேலை செய்திருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் இதற்கு விலக்கு. அதற்கும் சேறும் காற்றும் பழக்கம்.

இப்போது ஏரி வற்றக்கூடாது என்பதே எல்லாருடைய ஆசை. நிலத்தடி நீருக்காக, பறவைக்காக, சுற்றுலாவுக்காக. ஆழப்படுத்த மண் எடுக்கிறோம், அங்கங்கே ஆழக் குழிகள் விழுகின்றன. கோடையில் ஏரி சுருங்கும்போது அந்தக் குழிகளில் தண்ணீர் நிற்கும், ஜிலேபியின் விதை அங்கே பத்திரமாக இருக்கும். முதல் மழைக்குள் ஏரி முழுக்க மறுபடி அதன் கையில். சுற்றிலும் மேட்டு நிலமாகவும் ஆழமில்லாமலும் இருக்கும் கரையோரம்தான் நாரைக்கு நின்று மீன் பிடிக்கும் இடம், ஆழப்படுத்துவதில் முதலில் போவதும் அதுதான். நான் தூர்வாருவதற்கு எதிரி இல்லை, வாய்க்கால் அடைந்து கிடந்தால் விலாங்கு எப்படி வரும்? ஆனால் சரணாலயத்தில் தூர்வாருவதைக் கன மீட்டர் கணக்கில் மட்டும் பார்க்கக்கூடாது. குழி விடாமல், கரையிலிருந்து மெல்லச் சரிந்து இறங்கும்படி வெட்ட வேண்டும். ஏதோ ஒரு கோடையில் தானாக வற்றினால் பதறி லாரியில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். வற்றும் ஏரியில் நீர்க்காகத்துக்கு அந்தக் கோடையில் இடமில்லை என்பதையும் சேர்த்தேதான் சொல்கிறேன். அது வேறு ஏரிக்குப் பறந்துவிடும், சுற்றியுள்ள ஏரிகள் உயிரோடு இருந்தால்.

ஜிலேபியை ஊசுட்டிலிருந்து மொத்தமாக ஒழிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. யெல்லோஸ்டோனில் உள்ள பணமும் படகும் இங்கே கிடையாது, சங்கராபரணிப் படுகை முழுக்க அது இருக்கிறது. முடியக்கூடியது வேறு. சரணாலயத்துக்குள்ளும் அதற்குத் தண்ணீர் தரும் வாய்க்காலிலும் எந்தக் கெண்டைக் குஞ்சும் விடாமலிருப்பது, கங்கைக் குஞ்சையும் சேர்த்துத்தான். குஞ்சு விட வேண்டுமென்றால் சரணாலயம் அல்லாத ஏரி இந்தப் பக்கம் எத்தனையோ இருக்கிறது, பிடிப்பவர் வருமானம் அங்கே வரட்டும். வாய்க்கால் ஓரத்துப் பண்ணைக் குட்டைகளுக்கு மழைக்கு முன்பே கரையை உயர்த்தி வலை கட்டச் சொல்வது. ஆண்டுக்கு ஒருமுறை, ஏரி சுருங்கும் மாதத்தில், புதுச்சேரி, தமிழ்நாடு இரண்டின் வனத்துறையும் ஒரே நாளில் வலைபோட்டு எண்ணுவது. அதில் முண்டக்கண்ணியையும் எண்ணுவது. கரையின் நடுவே எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள், ஒரு பக்கம் மட்டும் எண்ணினால் கல்லுக்கு அந்தப் பக்கம் போன மீன் கணக்கில் வராது.

அன்றைக்கு ஆற்றங்கரையில் பெரியவரிடம் மீசைக்காரனைக் காட்டி, "இதை மட்டும் திரும்பத் தண்ணியில விட்டுடாதீங்கண்ணே" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "விடறதா? முக்காக் கிலோ தேறும். வீட்ல மிளகு அரைக்கச் சொல்லிட்டேன்."

பிறகு கூடையைக் கவிழ்த்து, பெரியதையெல்லாம் சாக்கில் போட்டுக்கொண்டு, அடியில் கிடந்த பொடியை "இத யாரு ஆயறது" என்று ஓரத்துத் தண்ணீரிலேயே கொட்டிவிட்டுப் போனார்.